அந்த சீன் கட்டாயம் வேணும் டீச்சர்

நாடகம் எழுதிக் கொடுக்கிற தொழிலில் கூலி கம்மி, அபிப்பிராயம் ஜாஸ்தி. நீங்களும் எப்போதாவது ஒரு கதையோ நாடகமோ எழுதி நாலு பேர் முன்னால் வைத்து, அந்த நாலு பேரிடமும் நாற்பது விதமாக வாங்கிக் கட்டிக்கொண்டவராக இருந்தால், வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள். நாம் ஒரே கட்சி.

என் பெயர் ஸ்டெல்லா. பதுளை டவுனில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன், அதனால் ஊருக்கே டீச்சர். ஓய்ந்த நேரத்தில் தேயிலைத் தோட்டங்களுக்கு நாடகம் எழுதி, பழக்கியும் கொடுத்தேன். பசறைப் பக்கம், ஹாலி-எலப் பக்கம், தெமோதரை, லுணுகலை என்று எங்கள் நாடக செட் போகாத திசை இல்லை. திருவிழாவுக்கு ஒன்று, தீபாவளிக்கு ஒன்று, கிறிஸ்மஸுக்கு ஒன்று. கொழுந்து ஏற்றுகிற லொறியில் படுதா, வேஷச் சாமான், ஆட்கள் எல்லோரையும் ஒன்றாகத் திணித்துக்கொண்டு நமுனுகுல மலையைச் சுற்றி இறங்குவோம். பனி முகத்தில் அடிக்கும். யாராவது ஒருவர் பாட ஆரம்பிப்பார், இன்னொருவர் வாந்தி எடுப்பார். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு இனிக்கிறது, என்ன செய்ய!

ஆர்டர்

நாடகம் கேட்டு வருகிற கொமிட்டிக்காரர்கள் பெரும்பாலும் மூன்று பேராக வருவார்கள். ஒருவர் பேசுவார், ஒருவர் தலையாட்டுவார், மூன்றாமவர் என் வீட்டுச் சுவரிலிருக்கிற மாதா படத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். சாயத்தண்ணி குடித்து முடிந்ததும் ஆர்டர் வரும். கல்யாணச் சமையல்காரனிடம் சொல்வது மாதிரிதான் சொல்வார்கள். கோமாளி ஒன்று, அம்மா அழுகிற இடம் ஒன்று, பாட்டு ரெண்டு, சண்டை ஒன்று, அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டு, ‘கெடுக்கிற சீன்’ ஒன்று.

அது எப்படிப் போகும் என்று எங்கள் பக்கத்துச் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். கொழுந்தெடுக்கப் போகிற பெண்ணை மலையில் தனியாக வைத்துக் கணக்கப்பிள்ளை மறிப்பான். அவள் கத்துவாள். லைட் அணையும். இடி இடிக்கும். லைட் வந்ததும் உடைந்த வளையல் கிடக்கும். அடுத்த சீனில் அவள் அருவியில் குதித்துவிடுவாள். எந்தக் கதையாக இருந்தாலும் இது உள்ளே வந்தாக வேண்டும்.

ஒரு தடவை குடியை விடச் சொல்லி ஒரு நாடகம் கேட்டு வந்தார்கள். நல்ல விஷயம் என்று நானும் உற்சாகமாக உட்கார்ந்தேன். அதிலும் அந்த சீனைக் கேட்டார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “குடிக்கிறவன் குடும்பத்தப் பத்தின கதைங்க இது, இதுக்குள்ள அது எதுக்கு?” என்று கேட்டேன். பேசுகிறவர் என்னை இரக்கமாகப் பார்த்தார். தலையாட்டுகிறவர் தலையாட்டுவதை நிறுத்தினார். மாதா படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அன்றைக்கு முதல் தடவையாக வாய் திறந்தார்: “கதை எப்படி வேணும்னாலும் இருக்கட்டும் டீச்சர். அந்த சீன் மட்டும் கட்டாயம் வேணும், இல்லேன்னா சனம் பாதியிலேயே எழும்பிப் போயிரும்.”

இடி சேகர்

எங்கள் செட்டில் லைட்டுக்கும் சத்தத்துக்கும் பொறுப்பு சேகர். அவனிடம் ஒரு தகரம் இருந்தது, தொழிலாளர் குடியிருக்கிற பழைய லயத்துக் கூரையில் இருந்து கழற்றியது. அதைத் தொங்கவிட்டு உலுக்கினால் மலையே இடிந்து விழுகிற சத்தம் வரும். அப்போதெல்லாம் எங்களுக்குப் பெண் வேஷம் போடுவது சுரேஷ், தேயிலை அரைக்கிற ஸ்டோரில் வேலை செய்கிற வாலிபன். பெண் பிள்ளைகளை மேடைக்கு அனுப்ப எந்த வீட்டிலும் சம்மதிக்க மாட்டார்கள். வில்லன் எப்போதும் ரட்ணம்தான். ஆறடி உயரம், அரிவாள் மீசை, பூனை குறுக்கே வந்தாலும் ஒதுங்கி வழிவிடுகிற சுபாவம்.

தெமோதரைப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் அந்த சீன் நடந்துகொண்டிருக்கிறது. சுரேஷ் கத்தினான், லைட் அணைந்தது, சேகர் தகரத்தை உலுக்கினான். உலுக்கின வேகத்தில் முழங்கை சுவிட்சில் பட்டுவிட்டது. பளீரென்று லைட் வந்தால், வில்லன் ரட்ணம் வாயில் ரெண்டு ஹேர்பின்னைக் கடித்துக்கொண்டு, நழுவிப்போன சவுரி முடியை சுரேஷ் தலையில் குத்திவிட்டுக்கொண்டிருக்கிறார். சுரேஷ், “மெதுவா குத்துங்கண்ணே, மண்டையில ஏறுது” என்கிறான். மைக் எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தது. சனம் விழுந்து விழுந்து சிரித்தது. கடைசியில் சுரேஷ் அருவியில் குதித்தபோது கூட ஒன்ஸ்மோர் கேட்டார்கள்! நானும் ஓரத்தில் நின்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன்.

அன்றைக்கு எங்களுக்குச் சாப்பாடு ஒரு லயத்து வீட்டில். சுடச்சுட ரொட்டி, கொச்சிக்காய் சம்பல். மானமே போய்விட்டதென்று சேகர் சாப்பிடாமல் மூலையில் உட்கார்ந்திருந்தான். அந்த வீட்டு அம்மா அவன் தட்டில் இன்னொரு ரொட்டியைப் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பிச் சொன்னார்: “வழக்கமா லைட்டு அணைஞ்சதும் நம்ம பயலுக விசிலடிப்பானுங்க டீச்சர், கேக்கவே கூசும். அதுக்கு இன்னைக்குச் சிரிச்சது எவ்வளவோ தேவல.”

வில்லனுக்குப் பெண் பார்த்தது

ரட்ணத்துக்குப் பண்டாரவளையில் ஒரு பெண் பேசினார்கள். நல்ல இடம், மரக்கறிக் கடை வைத்திருக்கிற குடும்பம். ரட்ணத்துக்கு அப்பா அம்மா இல்லாததால் நானும் போயிருந்தேன். பலகாரத் தட்டோடு வந்த பெண்ணின் அம்மா ரட்ணத்தின் முகத்தைப் பார்த்தார். தட்டு கையிலேயே நின்றது. அப்படியே திரும்பி உள்ளே போய்விட்டார். உள்ளே குசுகுசுப்பு. நாங்கள் வெளியில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். ரட்ணத்துக்கு மீசை வரைக்கும் வியர்த்துவிட்டது.

நான் பொறுக்கமாட்டாமல் உள்ளே போய், “என்னங்கம்மா விஷயம்?” என்று கேட்டேன். நாடகத்துக்கு வருகிற சனம் வில்லனை வெறுப்பது எனக்குப் பெருமைதான், எழுதினவள் நான் அல்லவா! ஆனால் அந்த அம்மா சொன்னதைக் கேட்டு எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அப்புறம் அந்த வருஷக் கிறிஸ்மஸ் நாடகத்தில் ரட்ணத்துக்குச் சூசையப்பர் வேஷம் கொடுத்து, குழந்தை யேசுவைக் கையில் ஏந்த வைத்து, அந்த அம்மாவை முன் வரிசையில் உட்கார வைத்துப் பார்க்கச் செய்த பிறகுதான் கல்யாணம் கூடிவந்தது. அன்றைக்கு அடுப்படியில் நின்று அவர் சொன்னது இதுதான்: “குடும்பம் நல்ல குடும்பம்னுதான் சொல்றாங்க டீச்சர், ஆனா நாலு தோட்டத்துல நாலு புள்ளைங்கள இந்தாளு கெடுத்தத என் கண்ணால பாத்திருக்கேனே!”

தூக்கிய போன்கள்

சுரேஷ் கொழும்புக்கு வேலைக்குப் போன பிறகு வசந்தி வந்தாள். தோட்டத்துப் பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறவள். அவள் அம்மாவிடம் நான் பல தடவை நடந்து, கூடவே கூட்டிப்போய்க் கூடவே கூட்டிவருவேன் என்று சத்தியம் பண்ணி வாங்கிக்கொண்டு வந்தேன். என்ன நடிப்பு! அவள் ஒரு வரி சொன்னால் பின் வரிசையில் பாக்குக் கடிக்கிற சத்தம் நிற்கும். முதல் தடவையாக ஒரு நிஜப் பெண் மேடையில் நிற்கிறாள், எங்கள் செட்டே ஒரு படி ஏறிவிட்டதென்று நான் பூரித்துப்போயிருந்தேன்.

அந்த சீன் வந்தது. யாரும் விசிலடிக்கவில்லை. அடடா, சனம் திருந்திவிட்டதே என்று எட்டிப் பார்க்கிறேன், மண்டபம் பூராவும் போன்கள் தூக்கியபடி நிற்கின்றன. அடுத்த கிழமைக்குள் அந்தத் துண்டு போனுக்குப் போன் தாவிவிட்டது. பஸ்ஸில் வசந்தி உட்கார்ந்திருந்த சீட்டுக்குப் பின்னால் எவனோ அதைச் சத்தமாகப் போட்டுப் பார்த்திருக்கிறான். கேள்விப்பட்டதும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நேராக வாலிபன்கள் கூடுகிற தோட்டத்துக் கிளப்புக்குப் போய் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். “ஒருத்தன் வெளிய போகக்கூடாது, போன எடுங்கடா!” பாதிப் பேர் என்னிடம் டியூஷன் படித்தவன்கள். தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு அழித்தான்கள். அழித்தது எவ்வளவு, ஒளித்தது எவ்வளவு, ஆண்டவருக்குத்தான் தெரியும்.

வசந்தி அழவும் இல்லை, யாரையும் திட்டவும் இல்லை. வீட்டுக்கு வந்து தன்னுடைய பவுடர் டப்பா, மைப்பெட்டி எல்லாவற்றையும் என் மேசையில் வைத்துவிட்டுப் போகும்போது சொன்னாள்: “ஒரு மணி நேரம் நடிச்சேன் டீச்சர். அவனுங்க வெட்டி எடுத்து வச்சிருக்கிறது அந்த ரெண்டு நிமிசத்தத்தான்.”

யதார்த்தம்

அந்தக் கோபத்தோடு நான் பண்டாரவளையில் நடந்த ஓர் இலக்கியக் கூட்டத்துக்குப் போய், எழுந்து நின்று கேட்டேன். ஒரு பெண்ணுக்கு நடந்த பலாத்காரத்தைக் கதையிலோ மேடையிலோ காட்டலாமா, காட்டினால் எப்படிக் காட்டுவது? அடேயப்பா, இதற்காகவே காத்திருந்த மாதிரி ஆளாளுக்குக் கிளம்பிவிட்டார்கள். ஒரு மாதா கோயில் சுவாமி, பிள்ளைகள் பார்க்கிற இடத்தில் அந்தப் பேச்சே வேண்டாம் என்றார். கொழும்பிலிருந்து வந்த விமர்சகர் மேசையைத் தட்டி, மறைப்பதுதான் துரோகம், யதார்த்தத்தை முழுசாகக் காட்டணும், பார்க்கிறவனுக்கு ஒரு மாதம் தூக்கம் வரக்கூடாது என்றார். இன்னொருவர், அதைப் பெண்கள்தான் எழுதவேண்டும், ஆண்கள் தொடவே கூடாது என்று அடித்துச் சொன்னார். அங்கே இருந்த பெண் நான் ஒருத்திதான். என்னை யாரும் கேட்கவில்லை.

நியாயமாகச் சொன்னால், எல்லோர் பேச்சிலும் கொஞ்சம் சரி இருந்தது. அதுதான் எனக்கு எரிச்சல். ஒன்றுமே பேசாமல் விட்டால் செய்தவனுக்குத்தான் வசதி. முழுசாகக் காட்டினால் போன் தூக்குகிறவனுக்கு வசதி. அவளுக்கு வசதியாக எழுதுவது எப்படி என்று ஒருவரும் வாய் திறக்கவில்லையே! பதுளை பஸ்ஸில் வரும் வழியெல்லாம் நான் பொருமிக்கொண்டே வந்தேன். பக்கத்தில் துணைக்கு வந்த ரட்ணம் தூங்குகிறார் என்றுதான் நினைத்தேன். ஹாலி-எல தாண்டும்போது கண்ணைத் திறக்காமலே சொன்னார்: “அந்த ஐயாவுக்கு யதார்த்தம் வேணும்னா அவரையே வந்து வில்லனா நிக்கச் சொல்லுங்க டீச்சர். நான் சூசையப்பராவே இருந்துக்கிறேன்.”

எடுப்பான முடிவு

அதற்குப் பிறகு கொஞ்ச காலம் நான் நாடகமே எழுதவில்லை. அப்போதுதான் பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து தலைவர் வந்தார். தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர், நல்ல மனுஷன். வருகிற மகளிர் தினத்துக்குத் தங்கள் டிவிசனில் நடந்ததையே நாடகமாகப் போடவேண்டும் என்றார். நடந்தது எனக்கும் தெரியும். மல்லிகா என்று கொழுந்தெடுக்கிற பெண். தோட்டத்துக்கு ரோட்டு வேலை செய்ய வந்த கொந்தராத்துக்காரன் ஒருவன் மலையில் வைத்து அவளைப் பலாத்காரம் செய்துவிட்டான். அவள் மறைக்கவில்லை, பொலிசுக்குப் போனாள். வழக்கு நடந்து அவனுக்குத் தண்டனையும் கிடைத்தது. கோர்ட்டுக்கு அவளையும் அவள் புருஷனையும் கூட்டிக்கொண்டு அலைந்தது இந்தத் தலைவர்தான். அதனால் அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு.

“பேர மாத்திப் போட்டுருவோம். மலையில நடந்தத நல்லா உருக்கமா காட்டுங்க. கடைசில பொண்ணு அருவியில குதிச்சிறணும்” என்றார். “தலைவரே, அந்தப் பொண்ணு இன்னைக்கும் உங்க மலையிலதானே கொழுந்தெடுத்துக்கிட்டிருக்கு?” என்று கேட்டேன். அவர் கொஞ்சமும் தயங்கவில்லை: “ஆமாங்க டீச்சர், நல்லா இருக்கு. ஆனா நாடகத்துக்கு அப்படி முடிச்சாத்தான் எடுப்பா இருக்கும்.”

மல்லிகா

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டியூஷன் பிள்ளைகள் கலைந்த பிறகு வாசலில் ஒரு பெண் நின்றாள். முப்பது வயது இருக்கும், மெலிந்த உடம்பு, தலையை வழித்துச் சீவி இறுக்கி முடிந்திருந்தாள். “நான்தான் டீச்சர் மல்லிகா” என்றாள். அதற்கு மேல் எனக்கு அறிமுகம் தேவைப்படவில்லை. உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தாள். சாயத்தண்ணியைத் தொடவே இல்லை.

“நாடகம் போடப் போறீங்களாம். போடுங்க டீச்சர், வேணாங்கல. ஆனா எம்மகளும் வருவா. பத்து வயசு, எல்லாம் வெளங்கும். மேடையில அந்தப் பொண்ணு குதிச்சிச்சின்னா எம்மக என்னப் பாத்து என்ன நெனைப்பா? சனம் என்ன நெனைக்கும்? ‘அவ குதிச்சிட்டா, இவ மட்டும் ஏன் இன்னும் இருக்கா’ன்னுதானே நெனைக்கும்?” அவள் குரல் உயரவே இல்லை. எத்தனை அருவி, எத்தனை பெண்கள்! எங்கள் பக்கத்து மேடைகளில் ஒருத்தி மிச்சம் இல்லையே.

மலையில் நடந்ததைக் காட்டவே வேண்டாம் என்றாள். அதைக் கோர்ட்டில் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டதாம், இனி அது யாருக்கும் இல்லையாம். பிறகு எதைக் காட்டுவது என்று கேட்டேன். அதற்குத்தான் காத்திருந்த மாதிரி சொன்னாள். காலையில் பெரட்டில் வேலை பிரித்துக் கொடுக்கும்போது பெண்கள் கூடையை மாட்டிக்கொண்டு வரிசையாக நிற்பார்கள் அல்லவா, அவள் போய் நின்றதும் பக்கத்தில் நின்றவர்கள் ஒவ்வொருவராகத் தள்ளி நின்றார்களாம். மலைக்குப் போனால் அவளுடைய தேயிலை நிரைக்குப் பக்கத்து நிரையை எடுக்க ஆள் இல்லையாம். அவள் பாட்டுக்குக் கொழுந்தெடுத்தாளாம், அடுத்த நாளும் போனாளாம். எழுந்து போகும்போது முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டே சொன்னாள்: “நான் சாகலையே டீச்சர். ஆஸ்பத்திரியில இருந்து வந்த மறுநாளே பெரட்டுக்குப் போனேன். அதப் போடுங்க.”

தலைவரோடு மல்லுக்கட்டு

தலைவரிடம் போய், அந்த சீனும் இல்லை, அருவியும் இல்லை, பெரட்டுதான் நாடகம் என்றேன். அவருக்குத் தலைகால் புரியவில்லை. “தெனம் காலையில நாங்க பாக்குற பெரட்ட மேடையிலயும் பாக்கவா சனம் வரும்?” என்றார். “வந்து பாக்கட்டும், இதுவரைக்கும் யாரும் சரியாப் பாக்கல” என்றேன். வார்த்தை தடித்தது. வேறு ஆளை வைத்து எழுதிக்கொள்ளுங்கள் என்று எழும்பிவிட்டேன். மனுஷன் வாசல் வரைக்கும் பின்னாலேயே வந்தார்.

“கோவிச்சுக்காதீங்க டீச்சர். அந்தப் புள்ளைக்காக நாலு பேரு அழணும்னுதான் நானும் கேக்குறேன். செத்தாத்தான் சனம் அழும்.” அவர் கண்ணில் நிஜமாகவே கலக்கம் இருந்தது. எனக்குக் கோபம் இறங்கிவிட்டது. “ஏன், உயிரோட இருக்கிறவளுக்காக அழ மாட்டாங்களா?” என்றேன். தலைவர் சால்வையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஏமாற்றிப் பேசத் தெரியாத மனுஷன். “உயிரோட இருக்கிறவளுக்காகச் சனம் அழுது நான் பாத்ததே இல்ல டீச்சர்.”

ஆள் சேர்த்தது

மல்லிகாவே என்னைத் தேடிவந்து கேட்டாள் என்று சொன்ன பிறகு தலைவர் மறுபேச்சுப் பேசவில்லை. வீட்டுக்குப் போய் ரெண்டு நாளில் எழுதி முடித்தேன். சேகர் படித்துவிட்டு, “இடி எங்க வருது டீச்சர்?” என்று தேடினான். இல்லையென்றதும் பொண்டாட்டி கோபித்துக்கொண்டு போன மாதிரி முகத்தை வைத்துக்கொண்டான். ரட்ணத்துக்குக் கங்காணி வேஷம். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பிழைசெய்யாத கங்காணி. அவர் வீட்டுக்காரி கேள்விப்பட்ட சந்தோஷத்தில் கோயிலுக்கு நேர்ந்துகொண்டாளாம்.

மல்லிகா வேஷத்துக்கு எனக்கு வசந்தியைத் தவிர வேறு முகம் தோன்றவில்லை. எந்த வாயோடு கேட்பது? பாலர் பாடசாலை விடுகிற நேரம் பார்த்துப் போய் நின்றேன். கதையை நின்றபடியே சொன்னேன். பிள்ளைகளின் தண்ணிப் போத்தல்களை அடுக்கிக்கொண்டே கேட்டாள். முடிந்ததும் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: “எந்த இடத்திலயும் லைட்டு அணையாதுன்னா வாறேன் டீச்சர்.”

பெரட்டு

மகளிர் தினத்தன்று மத்தியானம், தோட்டத்துப் பாடசாலை மண்டபம். வெயில் ஜன்னல் வழியாக மேடை வரைக்கும் விழுந்திருந்தது. முன் வரிசை பூராவும் கொழுந்தெடுக்கிற பெண்கள். மல்லிகா மகளை மடியோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ரெண்டு ஆள் தள்ளி பாக்கியம் அக்கா. அந்த டிவிசனிலேயே குரல் பெரியவர், மலையில் நின்று கூப்பிட்டால் ஸ்டோருக்குக் கேட்கும் என்பார்கள். வாலிபன்கள் பின்னால் போனோடு தயாராக நின்றார்கள். திரை விலகியது. விடிகாலைப் பெரட்டு. லைட் அணையாத நாடகம் என்றதும் எங்கள் செட்டில் சேர்ந்த பெண்கள் கூடையோடு வரிசையாக நிற்க, ரட்ணம் கங்காணியாக வேலை பிரிக்கிறார். வசந்தி மேடையின் ஓரத்திலிருந்து வந்து வரிசையில் நின்றாள். அடுத்து நின்றவள் ஓர் அடி தள்ளி நின்றாள். அதற்கடுத்தவளும். வசந்தி தனியாக நின்றாள். பேச்சே இல்லை. அங்கே நான் வசனம் எழுதவில்லை. பின்னால் போன்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. ஒரு பெண் கூடையோடு சும்மா நிற்பதை எவன் படம் பிடிப்பான்?

அந்த அமைதியில் பாக்கியம் அக்கா எழும்பினார். “ஏண்டி! எதுக்குடி தள்ளி நிக்கிறீங்க? அவ என்னடி பண்ணினா? கிட்டப் போங்கடி!” முன் வரிசையில் இன்னும் ரெண்டு மூன்று பேர் சேர்ந்துகொண்டார்கள். “அதானே! கிட்டப் போங்க!” மேடையில் எங்கள் பெண்களுக்கு உதறல். நாடகப்படி அவர்கள் கடைசி வரைக்கும் தள்ளித்தான் நிற்கவேண்டும், நான் அப்படித்தான் பழக்கியிருந்தேன். ஒருத்தி என்னைப் பார்க்கிறாள், ஒருத்தி பாக்கியம் அக்காவைப் பார்க்கிறாள். கடைசியில் ஒருத்தி மெதுவாக வசந்தி பக்கம் நகர்ந்தாள். ரட்ணம் நிலைமையைப் பிடித்துக்கொண்டு, “சரி சரி, பக்கத்து நெரையில ஒராளு நில்லுங்க, மலைக்குப் போகணும்” என்று சொந்தமாக ஒரு வசனம் போட்டார். என் நாடகம் என் கண் முன்னாலேயே வேறு நாடகமாகிவிட்டது. எனக்கு ஒரு பக்கம் ஆத்திரம், இன்னொரு பக்கம் படுதாவில் முகத்தைத் துடைத்துக்கொண்டு அழுகை. தலைவரும் அழுதார். மல்லிகா மட்டும் அழவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் அம்மாவையும் மேடையையும் மாறிமாறிப் பார்த்தது.

முடிந்து எல்லோரும் சாயத்தண்ணி குடிக்கும்போது பாக்கியம் அக்கா மூக்கைச் சிந்திக்கொண்டே வந்து மல்லிகாவின் கையைப் பிடித்தார். “எப்புடிக் கேட்டேன் பாத்தியாடி! எனக்குத் தாங்கல!” என்றார். மல்லிகா, “பாத்தேங்க்கா” என்றாள். அவர் போன பிறகு நான் மனம் நிறைந்து, “என்ன தைரியம்மா அவங்களுக்கு! எவ்வளவு நல்ல மனசு!” என்றேன். மல்லிகாவின் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு வந்தது. மகளின் கலைந்த பின்னலைச் சரிசெய்துகொண்டே மெதுவாகச் சொன்னாள்: “நல்லவங்கதான் டீச்சர். அன்னைக்குப் பெரட்டுல மொத ஆளா தள்ளி நின்னது அவங்கதான்.”

ஆக, இந்தத் தொழிலில் கெட்டவர் வேஷத்துக்குத்தான் எப்போதும் ஆள் பஞ்சம், மேடைக்குக் கீழே வந்து உட்கார்ந்துவிட்டால் நாம் எல்லோரும் நல்லவர்கள், என்னையும் சேர்த்துத்தான்.